கன்டெய்னர் நின்றுபோனால் இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த மூன்றாவது மாதம் நடந்தது இது. ஒரு ஆர்டருக்கு வரவேண்டிய லைனிங் தோல் ஒன்பது நாள் தாமதம். தோல் பதனிடும் டேனரியில் டிரம் பழுதாகிவிட்டது. எங்கள் பக்கம் தப்பு ஏதும் இல்லை. பையர் இங்கிலாந்துக்காரர். அவருக்கு விஷயத்தைச் சொல்லி ஒரு மெயில் போடு என்றார் மேனேஜர். சும்மா "டிலே" என்று எழுதினால் என்ன மதிப்பு, நமக்கும் நாலு மரபுத்தொடர் தெரியும் என்று காட்ட வேண்டாமா? "வீ டிராப்டு த பால்" என்று எழுதி அனுப்பினேன். பந்து கீழே விழுந்தது, ஆட்டம் கொஞ்ச நேரம் நின்றது, அவ்வளவுதான் என்பது என் கணக்கு.

மறுநாள் காலையில் பதில் வந்தது. ரொம்ப மரியாதையான பதில். வெளிப்படையாக ஒப்புக்கொண்டதற்கு நன்றி, கப்பலில் வந்தால் இனி எங்கள் கடைகளுக்கு நேரத்தோடு சேராது, விமானத்தில் அனுப்பிவிடுங்கள், அந்தச் செலவு உங்களுடையது என்று எழுதியிருந்தார். மேனேஜர் அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தார். "இன்னாபா, டிரம் உடைஞ்சது அவங்களுது. பந்த நீ எதுக்குக் கீழ போட்ட?"

"டிராப் த பால்" என்றால் பொறுப்பை ஏற்றுக்கொண்டவன் கவனக்குறைவால் கோட்டைவிட்டான் என்று அர்த்தம். "ஐயா, நாங்கள்தான் கோட்டைவிட்டோம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததற்குச் சமம். அப்புறம் பேசிப் பேசி அந்தச் செலவைப் பாதியாகக் குறைத்தார் மேனேஜர். எனக்கு அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்த ஆங்கில மரபுத்தொடரைக் கேட்டாலும், அது யாரை நோக்கி விரல் நீட்டுகிறது என்று முதலில் பார்ப்பேன். எதிர்பாராத சம்பவத்தைச் சொல்லும் தொடர்களில் இது இன்னும் முக்கியம். சில தொடர்கள் சொல்பவரையே காட்டும், சில எதிராளியைக் காட்டும், சில வானத்தைக் காட்டும்.

வேலூர்ப் பக்கத்தில் முதல்முறையாக வேலைக்குப் போகிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். ராணிப்பேட்டை சிப்காட்டில் சேர்ந்தவராக இருக்கலாம், ஆம்பூர், வாணியம்பாடி தோல் கம்பெனியாக இருக்கலாம், வேலூரில் ஆஸ்பத்திரி முன்மேசையாக இருக்கலாம், காட்பாடியிலிருந்து வீட்டில் உட்கார்ந்தபடியே ஐடி வேலை பார்ப்பவராகவும் இருக்கலாம். பள்ளியில் படித்த இங்கிலீஷ் போதும். மேற்கொண்டு வேண்டியது கொஞ்சம் எச்சரிக்கைதான்.

முதல் படி: மரபுத்தொடர் இல்லாமல் ஒருமுறை எழுதுங்கள்

எது தடைப்பட்டாலும் கேட்பவருக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். என்ன நடந்தது, அதனால் என்ன பாதிப்பு, நீங்கள் இப்போது என்ன செய்கிறீர்கள். "த கன்டெய்னர் இஸ் டிலேய்டு. இட் வில் ரீச் சென்னை போர்ட் ஆன் தர்ஸ்டே. வீ ஹேவ் இன்ஃபார்ம்டு த ஃபார்வர்டர்." இந்த மூன்று வரி இருந்தால் மெயில் முடிந்தது. இதற்குமேல் ஒரு மரபுத்தொடர் சேர்த்தால் அழகு, சேர்க்காவிட்டாலும் குறை இல்லை. ஆம்பூர் பிரியாணிக்குக் கத்திரிக்காய் மாதிரி. பிரியாணியே வைக்காமல் இலையில் கத்திரிக்காயை மட்டும் வைத்தால் சாப்பிட வந்தவர் என்ன நினைப்பார்? புதிதாகச் சேர்ந்தவர்கள் எழுதும் பல மெயில்கள் அப்படித்தான் இருக்கின்றன. "வீ ஆர் இன் ஹாட் வாட்டர், திங்ஸ் ஆர் அப் இன் தி ஏர்" என்று எல்லாம் இருக்கும், கன்டெய்னர் எங்கே நிற்கிறது என்பது மட்டும் இருக்காது.

ஒரு மெயிலுக்கு ஒரு மரபுத்தொடர். இரண்டாவது வந்தால் எது பலவீனமோ அதை அடித்துவிடுங்கள்.

இரண்டாம் படி: நம் பழமொழியிலிருந்து தொடங்குங்கள்

மனப்பாடம் செய்வதற்கு எனக்குத் தெரிந்த சுலபமான வழி இது. எதிர்பாராததைச் சொல்லத் தமிழில் பஞ்சமே இல்லை. தமிழ்ச் சொலவடையை முதலில் பிடித்துக்கொண்டு, அதன் பக்கத்தில் ஆங்கிலத்தை உட்கார வையுங்கள்.

பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்போம். அதற்கு "வென் இட் ரெயின்ஸ், இட் போர்ஸ்". ஒரே நாளில் மிஷினும் நின்று, கரண்டும் போய், ஆடிட்டரும் வந்து நின்றால் சொல்லலாம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றால் "க்ளோஸ் ஷேவ்" அல்லது "க்ளோஸ் கால்". கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்றால் "கேன் ஆஃப் வார்ம்ஸ்". ஒரு சின்னப் பில்லைச் சரிபார்க்கப் போய் ஆறு மாதக் கணக்கும் தப்பு என்று தெரிந்தால், "இட் ஓப்பன்டு எ கேன் ஆஃப் வார்ம்ஸ்". பழம் நழுவிப் பாலில் விழுந்தால் "விண்ட்ஃபால்". காற்றில் தானாக உதிர்ந்த பழம் என்பதுதான் அந்தச் சொல்லின் பழைய பொருள். அவர்கள் கதையிலும் பழம்தான் விழுகிறது, பால் மட்டும் இல்லை. ஆனால் "விண்ட்ஃபால்" பெரும்பாலும் எதிர்பாராமல் வந்த பணத்துக்குத்தான். லீவு கிடைத்ததற்கெல்லாம் சொல்லாதீர்கள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்ததற்கு நேரான ஆங்கிலத் தொடர் என்று ஒன்று எனக்குப் பிடிபடவில்லை. "இட் ஃபெல் த்ரூ அட் தி லெவன்த் அவர்" என்று இரண்டை ஒட்டித்தான் சமாளிக்க வேண்டியிருக்கிறது. "லெவன்த் அவர்" என்றதும் இரவு பதினொரு மணி என்று நினைத்துவிடுகிறார்கள். சர்ச்சுக்குப் போகும் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். மத்தேயு சுவிசேஷம் 20-ஆம் அதிகாரத்தில், திராட்சைத் தோட்டத்துக்காரர் பதினோராம் மணி வேளையில் கடைசியாகக் கூலியாட்களைக் கூப்பிடுகிறாரே, அந்த மணிதான். விடியலிலிருந்து எண்ணினால் சாயங்காலம் ஐந்து மணி. வேலை முடிய ஒரு மணி நேரம்தான் பாக்கி.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். நம் சொலவடையை அப்படியே ஆங்கிலமாக்கி மீட்டிங்கில் எடுத்துவிடாதீர்கள். கிணற்றிலிருந்து பேய் வந்தது என்று ஒரு தம்பி வீடியோ காலில் சொல்லப் போக, அந்தப் பக்கம் இருந்தவர் கம்பெனிக்குள் கிணறு எங்கே இருக்கிறது என்று பாதுகாப்பு பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

மூன்றாம் படி: சம்பவத்தின் எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

பிரச்சினை இன்னும் வரவில்லை, ஆனால் வரும்போல் இருக்கிறது. அப்போது கொடுப்பது "ஹெட்ஸ்-அப்". "ஜஸ்ட் எ ஹெட்ஸ்-அப், த லெதர் மே பி லேட்" என்று இரண்டு நாள் முன்னாலேயே ஒரு வரி அனுப்பிவிட்டால் பின்னால் வரும் பல சங்கடம் குறையும். என் கதையில் நான் செய்யத் தவறியது இதுதான்.

வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்க நான் கோட்டையைத்தான் காட்டுவேன். 1806 ஜூலை 10, விடிவதற்கு முன் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள். வெள்ளைக்காரப் படை தூக்கத்தில் மாட்டிக்கொண்டது. "தே வேர் காட் ஆஃப் கார்ட்" என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் இந்த ஊரில் கிடையாது. ஆனால் அது "அவுட் ஆஃப் த ப்ளூ" அல்ல. தோல் வைத்த புதுத் தலைப்பாகை, மதக்குறி கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவுகளால் மாதக்கணக்காக உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தது. ஒரு சிப்பாய் முன்கூட்டியே போய் எச்சரித்தும் இருக்கிறார், நம்பவில்லை. ஹெட்ஸ்-அப் வந்தது, வாங்கிக்கொள்ளவில்லை. ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்காரத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு ஓடி வரவேண்டியதாயிற்று.

இந்த இரண்டு தொடருக்கும் வித்தியாசம் இங்கேதான். "அவுட் ஆஃப் த ப்ளூ" என்பது மேகமே இல்லாத நீலவானத்திலிருந்து விழும் இடி. முன்னறிகுறி ஒன்றுகூட இருக்கக் கூடாது. விரல் வானத்தைக் காட்டுகிறது, யார்மேலும் பழி இல்லை. "காட் ஆஃப் கார்ட்" என்றால் காவலில் இருக்க வேண்டியவர் அசந்திருந்தார். விரல் கொஞ்சம் சொல்பவரை நோக்கியே திரும்புகிறது. உங்கள் மேனேஜரிடம் "ஐ வாஸ் காட் ஆஃப் கார்ட்" என்று சொன்னால் நேர்மை. வாடிக்கையாளரிடம் சொல்வதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள்.

நல்ல செய்திக்கும் "அவுட் ஆஃப் த ப்ளூ" பொருந்தும். மூன்று வருடமாகப் பேச்சுமூச்சில்லாத பையர் திடீரென்று போன் செய்தால், "ஹீ கால்டு அவுட் ஆஃப் த ப்ளூ". ஆனால் "போல்ட் ஃப்ரம் த ப்ளூ" என்று இடியையும் சேர்த்துச் சொன்னால் அதிர்ச்சிதான், பெரும்பாலும் கெட்ட அதிர்ச்சி. தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: குரோமியத்தில் பதப்படுத்தி நீலமாக வரும் தோலை "வெட் ப்ளூ" என்கிறோமே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. "அவுட் ஆஃப் ப்ளூ" என்று நடுவில் "த"வை விழுங்கி ஒருவர் எழுதியதை, வெட் ப்ளூ ஸ்டாக் தீர்ந்துவிட்டது என்று ஸ்டோர்காரர் புரிந்துகொண்டதும் நடந்திருக்கிறது.

வெள்ளத்தையும் இதே அளவுகோலில் நிறுத்திப் பாருங்கள். வருடக்கணக்காக மணலாகக் கிடந்த பாலாற்றில் 2021 நவம்பரில் கரை தொட்டுத் தண்ணீர் போனது. ஆற்றோரத்தில் இருந்த ஒருவருக்கு அது "அவுட் ஆஃப் த ப்ளூ" என்று தோன்றலாம். மழை எச்சரிக்கையைப் படித்தும் சரக்கை ஏற்றாமல் வைத்திருந்த கம்பெனி அப்படிச் சொல்ல முடியாது. பையரும் செய்தி பார்க்கிறார்.

சரி, அடி விழுந்தாயிற்று, வேலை நின்றுகொண்டிருக்கிறது. இப்போது எடுக்க வேண்டியது "ஹிட் எ ஸ்னாக்". எனக்கு மிகவும் பிடித்த தொடர் இது. புதியவர்கள் ஒன்றே ஒன்று கற்றுக்கொள்வதாக இருந்தால் இதைக் கற்றுக்கொள்ளச் சொல்வேன். ஸ்னாக் என்பது ஆற்றுக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் மரக்கட்டை. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க ஆறுகளில் படகுகள் அதில் மோதி நிற்கும். ஆற்றில் கட்டை கிடந்ததற்குப் படகோட்டி என்ன செய்வான்? விரல் யார்மேலும் இல்லை. படகு திரும்பவும் நகரும் என்ற நம்பிக்கையும் அதற்குள் இருக்கிறது. அன்று நான் எழுதியிருக்க வேண்டியது "வீ ஹேவ் ஹிட் எ ஸ்னாக் வித் த லைனிங் லெதர்" என்பதுதான். ஆனால் சின்னத் தடைக்குத்தான் இது. ஆர்டரே ரத்தானபோது "ஸ்னாக்" என்றால் கேலி செய்வதுபோல் ஆகிவிடும்.

"ஸ்பேனர் இன் த ஒர்க்ஸ்" இதற்கு நேர்மாறு. ஓடும் இயந்திரத்தின் உள்பாகங்களுக்குள் யாரோ ஸ்பேனரை எறிந்தார்கள். பிரிட்டிஷ்காரர்களின் தொடர், அமெரிக்கர்கள் ஸ்பேனருக்குப் பதில் "மங்கி ரெஞ்ச்" என்பார்கள். ஒரு ஆளோ ஒரு சம்பவமோ திட்டத்தைக் கெடுத்தது என்று இது காட்டும். தொழிற்சாலைக்குள் இதைப் பார்த்துப் பயன்படுத்துங்கள். மெயின்டனன்ஸ் ரிஜிஸ்டரில் இப்படி எழுதி வைத்தால், எந்த ஸ்பேனர், எந்த மிஷினில், யார் போட்டது என்று விசாரணை வரும். இதே காரணத்துக்காக "வீ ஆர் புட்டிங் அவுட் ஃபயர்ஸ்" என்பதையும் ஷூ கம்பெனியிலிருந்தோ டேனரியிலிருந்தோ எழுதாதீர்கள். அடுத்தடுத்து வரும் அவசரங்களைச் சமாளிக்கிறோம் என்பது அதன் பொருள். கரைப்பான்களும் பசையும் இருக்கும் இடத்திலிருந்து அந்த வரி போனால், யாருக்காவது அடிபட்டதா என்றுதான் முதல் போன் வரும்.

"கர்வ்பால்" பேஸ்பாலிலிருந்து வந்தது. நேராக வருவதுபோல் வந்து வளைந்துவிடும் பந்து. நம் கிரிக்கெட் கண்ணுக்குக் கூக்ளி. "தே த்ரூ அஸ் எ கர்வ்பால்" என்றால் எறிந்தவர் அவர்கள், சமாளிக்க வேண்டியவர்கள் நாம். எறிந்தவரிடமே இதைச் சொன்னால் குற்றச்சாட்டுபோல் கேட்கும். உங்களுக்குள் பேசிக்கொள்ள நன்றாக இருக்கும்.

தவறு எங்கே நடந்தது என்று பேசும் கட்டம் வரும். "டிராப் த பால்" எப்படிப்பட்டது என்று சொல்லிவிட்டேன். உண்மையிலேயே உங்கள் தப்பு என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். "ஐ டிராப்டு த பால் ஆன் திஸ்" என்று ஒரு பெண் ஒப்புக்கொண்டதும் அந்த மீட்டிங்கே பத்து நிமிடத்தில் முடிந்ததைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று "ஃபெல் த்ரூ த க்ராக்ஸ்". இடுக்கில் விழுந்துவிட்டது, இரண்டு பேருக்கு நடுவில் யாரும் கவனிக்கவில்லை. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. அதற்குப் பிறகும் ஏதோ ஒரு படிவத்தில் பழைய மாவட்டத்தின் பெயரே இருந்து, அதனால் கொரியர் சுற்றி வந்தால், அதைத்தான் "இட் ஃபெல் த்ரூ த க்ராக்ஸ்" என்பார்கள். விரல் ஏற்பாட்டைக் காட்டுகிறது. ஒருமுறை சொன்னால் நம்புவார்கள். மாதாமாதம் சொன்னால் உங்கள் ஆபீசில் இடுக்குகள்தான் அதிகம் என்று முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

முடிவு தெரியாமல் தொங்கிக்கொண்டிருக்கும் கட்டத்துக்கு "அப் இன் தி ஏர்". 2021 டிசம்பரில் திருவலம் பக்கம் பொன்னை ஆற்று ரயில்வே பாலத்தில் பழுது என்று ரயில்களை நிறுத்தினார்களே, அப்போது காட்பாடியிலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போய்வந்தவர்களின் நிலைமை அதுதான். நாளைக்கு ரயில் உண்டா என்றால் "இட் இஸ் ஸ்டில் அப் இன் தி ஏர்". அப்படியானால் என்ன செய்வீர்கள் என்றால் "வீ வில் ப்ளே இட் பை இயர்". நோட்டு இல்லாமல் காதால் கேட்டு வாசிப்பதுபோல் அப்போதைக்கப்போது பார்த்து முடிவெடுப்போம் என்று பொருள். நண்பர்களிடம் சரி. டெலிவரி தேதி கேட்கும் பையரிடம் சொன்னால் இவர்களுக்குத் திட்டமே இல்லை என்று ஆகிவிடும்.

எல்லாம் ஓய்ந்தபின் "க்ளோஸ் கால்" என்று பெருமூச்சு விடலாம். தொழிற்சாலையில் இருப்பவர்கள் "நியர் மிஸ்" என்பதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பாதுகாப்புத் துறையில் அது ஒரு தனிச்சொல். அடிபட்டிருக்கலாம், ஆனால் படவில்லை என்ற சம்பவத்தைப் பதிவு செய்வதற்கென்றே பல இடங்களில் படிவம் வைத்திருப்பார்கள். பேச்சுவாக்கில் சொல்லிவிட்டால் படிவம் நிரப்பச் சொல்வார்கள்.

மாதிரி நிராகரிக்கப்பட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றால் "பேக் டு த டிராயிங் போர்டு". 1941-இல் ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் பீட்டர் ஆர்னோ வரைந்த கார்ட்டூனிலிருந்து பரவியது. விமானம் விழுந்து நொறுங்கிக் கிடக்கிறது, எல்லாரும் அதை நோக்கி ஓடுகிறார்கள், வடிவமைத்தவர் மட்டும் வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடக்கிறார். அந்தச் சிரிப்பு இன்னும் அந்தத் தொடரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஷூ ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒன்று

"வெயிட்டிங் ஃபார் தி அதர் ஷூ டு டிராப்" என்று அமெரிக்கர்கள் சொல்வார்கள். மாடிக் குடியிருப்பில் மேல்வீட்டுக்காரன் இரவில் வந்து ஒரு ஷூவைக் கழற்றித் தரையில் போடுகிறான். டொப்பென்று சத்தம். கீழ்வீட்டுக்காரன் விழித்துவிட்டு, இன்னொரு ஷூ எப்போது விழும் என்று தூங்காமல் கிடக்கிறான். ஒரு கெட்ட செய்தி வந்துவிட்டது, அதன் ஜோடி இன்னும் வரவில்லை. நியூயார்க்கில் பிறந்த தொடர் என்பார்கள். பையர் கம்பெனியில் ஒரு பிராண்டை மூடிவிட்டார்கள், நம் ஆர்டரைப் பற்றி இன்னும் மூச்சு விடவில்லை என்றால், அந்த மனநிலைக்கு இதைவிட நல்ல சொல் கிடையாது. ஆனால் ஷூ தயாரிக்கும் கம்பெனியிலிருந்து, ஷூ வாங்குகிறவருக்கு எழுதும்போது, எந்த ஷூ, எந்த ஆர்ட்டிக்கிள் நம்பர் என்று கேள்வி வரும். டீ குடிக்கும்போது பேசிக்கொள்ள வைத்துக்கொள்ளுங்கள்.

"ஹெல் ஃபார் லெதர்" என்று கேட்டாலும் பதறாதீர்கள். தலைதெறிக்க ஓடுவது என்றுதான் பொருள். குதிரைச்சவாரியோடு வந்த பேச்சு. நம் தொழிலைத் திட்டவில்லை.

நான்காம் படி: பூட்டைக் கழற்றாதீர்கள்

மரபுத்தொடரில் ஒரு சொல்லை மாற்றினாலும் அது திறக்காது. "ஹிட் எ ஸ்னாக்" என்பதை "ஹிட்டட் எ ஸ்னாக்" ஆக்க முடியாது. ஹிட் நேற்றும் ஹிட்தான். "ஸ்பேனர் இன் த ஒர்க்" என்று கடைசி எழுத்தை விட்டால் ஒர்க்ஸ் என்ற இயந்திர பாகம் வெறும் வேலையாகிவிடும். "ஐ ஆம் காட் ஆஃப் கார்ட்" என்றால் இப்போதும் அசந்துகொண்டே இருக்கிறீர்கள் என்று ஆகிவிடும். நடந்து முடிந்ததற்கு "வாஸ்". நோட்டில் எழுதிவைக்கும்போது முழு வாக்கியமாக, ஆங்கில எழுத்தில், உங்கள் வேலையில் நடந்த ஒரு சம்பவத்தோடு எழுதுங்கள். தனித் தொடராக எழுதி மனப்பாடம் செய்தவர்கள்தான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள்.

ஐந்தாம் படி: எதிரே இருப்பவர் எந்த ஊர்?

இங்கே தோல் கம்பெனிகளுக்கு வரும் பையர்களில் ஜெர்மன்காரர்களும் இத்தாலிக்காரர்களும் நிறைய. அவர்களுக்கும் ஆங்கிலம் வீட்டுமொழி இல்லை. அவர்களிடம் பேஸ்பாலும் வேண்டாம், கிரிக்கெட்டும் வேண்டாம். வெறும் வாக்கியம்தான் இருவருக்கும் வசதி. "நாக்டு ஃபார் சிக்ஸ்" என்றால் ஆடிப்போய்விட்டேன் என்று இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் புரியும். அமெரிக்கருக்குப் புரியாது. நம் ஆட்களோ ஆறு ரன் கிடைத்த சந்தோஷம் என்று நினைப்பார்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது "டேபிள்". எதிர்பாராத பிரச்சினை மீட்டிங்கில் வந்ததும் "லெட்ஸ் டேபிள் இட்" என்று ஒருவர் சொன்னால், பிரிட்டிஷ் வழக்கில் இப்போதே பேசலாம் என்று பொருள். அமெரிக்க வழக்கில் இப்போது வேண்டாம், தள்ளிப்போடலாம் என்று பொருள். ஒரே சொல், இரண்டு எதிரெதிர் திசை. யார் சொன்னாலும் "நவ் ஆர் லேட்டர்?" என்று கேட்டுவிடுங்கள்.

நம்மூர் இங்கிலீஷும் கணக்கில் வரும். மேனேஜர் திடீரென்று ஊருக்குப் போய்விட்டால் "ஹீ இஸ் அவுட் ஆஃப் ஸ்டேஷன்" என்போம். வெளிநாட்டுக்காரர் ரயில்வே ஸ்டேஷனைத்தான் நினைப்பார். "அவுட் ஆஃப் டவுன்" போதும். மீட்டிங் முன்னால் நகர்ந்தால் "ப்ரிபோன்" என்பது நமக்குள் சரி, அவர்களிடம் "மூவ்டு அப்" என்று சொல்லிப் புதுத் தேதியையும் சொல்லிவிடுங்கள். "ஐ பாஸ்டு அவுட் இன் 2022" என்று சொன்னால் மயங்கி விழுந்ததாக எடுத்துக்கொள்வார்கள். "க்ராஜுவேட்டட்" என்று சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் வேலை என்றால்

1900-இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியது வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியாக வளர்ந்து, இன்று வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். முன்மேசையிலோ லாட்ஜிலோ மருந்துக்கடையிலோ இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் அவர்களுக்கும் நடுவில் அரைகுறை இந்தியும் அரைகுறை இங்கிலீஷும்தான் பாலம். அங்கே மரபுத்தொடரே வேண்டாம் என்பது என் கட்சி. "டச் அண்ட் கோ" என்றால் பிழைப்பாரா மாட்டாரா என்ற நிலை. பயந்துபோய் நிற்கும் ஒரு மகனிடம் அதைச் சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது, புரிந்தாலும் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். ஸ்கேன் தள்ளிப்போனால் "யுவர் ஸ்கேன் இஸ் டுமாரோ, நைன் ஓ க்ளாக்" என்பதோடு நிறுத்திக்கொண்டு, ஒரு துண்டுத்தாளில் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள்.

ஆஸ்பத்திரிக்குள் "ப்ளூ" என்ற சொல்லையும் பார்த்துப் பேசுங்கள். "கோட் ப்ளூ" என்றால் ஒருவருக்கு இதயம் நின்றுபோயிருக்கிறது, ஓடி வாருங்கள் என்ற அழைப்பு. வராந்தாவில் "அவுட் ஆஃப் த ப்ளூ" என்று உரக்கச் சொல்வதை நான் தவிர்ப்பேன்.

இன்டர்வியூவில் கேட்டால்

எதிர்பாராத ஒரு நிலைமையை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். பெரிய சாகசம் தேட வேண்டாம். கல்லூரி விழாவில் மைக் நின்றது, புராஜெக்ட் நாளில் லேப்டாப் உயிரைவிட்டது, எதுவும் போதும். ஒரு மரபுத்தொடரோடு தொடங்கி, மிச்சத்தை வெறும் வாக்கியமாகச் சொல்லுங்கள். "வீ ஹிட் எ ஸ்னாக் ஆன் த டே ஆஃப் தி எக்ஸிபிஷன். அவர் மோட்டார் ஸ்டாப்டு. ஐ பாரோடு ஒன் ஃப்ரம் த லேப், அண்ட் வீ ஸ்டார்ட்டட் ட்வென்டி மினிட்ஸ் லேட்." இருபது நிமிடம் தாமதம் என்பதை மறைக்காதீர்கள், அந்த எண் இருப்பதால்தான் கதையை நம்புகிறார்கள். "இட் வாஸ் எ ப்ளெஸ்ஸிங் இன் டிஸ்கைஸ்" என்று எல்லாக் கதையையும் முடிக்கும் பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. கெட்டதுபோல் வந்து நல்லதாக முடிந்ததற்குத்தான் அது. மோட்டார் நின்றதால் என்ன நன்மை என்று அடுத்த கேள்வி வந்தால் பதில் வைத்திருக்க வேண்டும்.

எதிராளி சொன்னது புரியாவிட்டால்

போனில் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து தெரியாத தொடர் ஒன்று வந்து விழும். தலையாட்டிவிட்டு, போனை வைத்தபின் பக்கத்து சீட்டு அண்ணனிடம் கேட்பதுதான் நாம் எல்லாரும் செய்வது. அதற்குள் பாதி நாள் போய்விடும். தொடரின் அர்த்தத்தைக் கேட்கக் கூச்சமாக இருந்தால், அதன் விளைவைக் கேளுங்கள். "ஸாரி, வாட் டஸ் தட் மீன் ஃபார் த டெலிவரி டேட்?" என்று ஒரே கேள்வி. ஸ்பேனரோ, பந்தோ, ஷூவோ, அவர் எதைச் சொல்லியிருந்தாலும் இதற்கு அவர் ஒரு தேதியைத்தான் பதிலாகச் சொல்ல முடியும். தேதியை எழுதிக்கொண்டு, அதையே ஒருமுறை திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திவிட்டு, போனை வையுங்கள்.